அவளுக்கு இறங்கிய ஜப்பான் சாப்பாடுகள்

"உங்க மனிசிக்கு என்ன சாப்பிட ஆசை? இனி அதைக் குடுங்க" என்றார் டொக்டர்.

கொழும்பில் ஓர் ஆசுபத்திரியின் ஒடுங்கிய அறை அது. மனைவி வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நெஞ்சுக்குள் சோறு இறங்குகிற குழாயில் கட்டி இருக்கிற இடத்தைப் பேனையால் தொட்டுக் காட்டியிருந்தார். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றும் சொல்லிவிட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அந்தக் கொஞ்சத் தமிழில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கலியாணம் முடித்து ஒன்பது வருசம். அதில் நாலு வருசம் நான் ஜப்பான் கப்பலொன்றின் குசினியில் நின்றவன். அந்தக் கப்பலில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று இன்றைக்கும் சொல்வேன். கப்பல் தலைவர் கத்தரிக்காய்த் தோலைத் தின்னமாட்டார். எஞ்சின்காரக் கிழவருக்கு மீன் தலை வேண்டும், கண்ணை எடுத்துவிடக் கூடாது. என்னுடைய மனைவிக்கு என்ன விருப்பம் என்று கேட்டால், அவள் எனக்கு என்ன ஆக்கிப் போட்டாள் என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாம் தின்னுவா" என்றேன். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நோயாளியின் துண்டை எடுத்தார்.

என் ஊர் பாலமுனை. கலியாணத்தோடு மனைவி வீட்டுக்கு, கல்முனைக்குடிக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், ஆண்பிள்ளை குடிபோகிறவன். மாமியும் எங்களோடுதான் இருந்தா. மகள் பிறந்து கொஞ்சக் காலத்தில் சூறாவளி அடித்தது. வாப்பாவின் தோணி எங்கே போனது என்று தெரியாது. வலை தென்னை மரத்தில் தொங்கியது, அந்தத் தென்னையும் சரிந்து கிடந்தது. கரையில் தொழில் இல்லை. கிடைத்த கூலிவேலைகளில் மூன்று வருசம் இழுத்தேன். கொழும்பிலிருந்த சொந்தக்காரர் ஒருவர், சூரை மீன் பிடிக்கிற ஜப்பான் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியனுப்பினார். போனேன்.

நாலாம் மாதம் தூண்டில் ஒன்று என் இடது உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போனது. விரல்கள் மடங்கவில்லை. கயிறு இழுக்க ஏலாத ஆளைக் குசினிக்குத் தள்ளினார்கள். அங்கே இருந்த சமையல்காரருக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். பேச்சு இல்லாத மனிதர். குடித்தால் இன்னும் பேச்சுக் குறையும். பன்றி இறைச்சி ஆக்குகிற நாட்களில் நான் கேட்காமலே எனக்கென்று ஒரு துண்டு மீனைத் தனிச் சட்டியில் வைப்பார். பன்றி பட்ட கரண்டியை அந்தச் சட்டிக்குப் பக்கத்திலும் கொண்டுவரமாட்டார். யார் அவருக்குச் சொன்னதென்று தெரியாது. நான் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் பச்சை மீன் தின்பான் என்பதுதான் எங்கள் ஊரில் உள்ள கதை. பச்சை மீனும் தின்றார்கள்தான். ஆனால் காய்ச்சல் வந்தால், கடல் பொறுக்க ஏலாமல் போனால், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால் அவர்கள் கேட்டது வேறு சாப்பாடுகள். ஆடம்பரம் இல்லாதவை. ஒவ்வொரு கரையிலும் உம்மாமார் ஆக்குகிறவை. பேர் பெற்ற சாப்பாட்டுக்குப் பின்னால் மறைந்து கிடப்பவை. அவற்றைத்தான் நான் படித்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்த மூன்றாம் நாள் அதில் ஒன்றை ஆக்கினேன். சங்கயாக்கி என்று பெயர். மீன்காரர் கப்பலிலேயே செய்துகொள்கிற சாப்பாடு. சாளை மீனை முள் எடுத்து, இஞ்சியும் வெங்காயமும் போட்டுப் பலகையில் கத்தியால் கொத்த வேண்டும். பசைபோல் கத்தியில் ஒட்டும்வரை கொத்த வேண்டும். பிறகு மிசோ என்கிற, சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்கிற களியில் கொஞ்சம் சேர்த்து, தட்டையாகத் தட்டித் தணலில் சுட வேண்டும். நான் வாழையிலையில் வைத்துச் சுட்டேன். இலை கருகி மீனில் மணம் ஏறியது. மாமி தொடவில்லை. மகள் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். மனைவி ஒரு துண்டை வாயில் வைத்து, மென்று, மென்று, விழுங்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எழும்பிக் குசினிக்குப் பின்னால் ஓடினாள். இருமித் துப்புகிற சத்தம் கேட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு வருசம் மத்தவனுக்கு ஆக்கிப் போட்டன். ஒருத்தனும் துப்பல்ல. சொந்த மனிசி துப்புறா."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இல்ல மச்சான். நல்ல ருசி. கொஞ்சம் உறைப்பு, அதான்."

அதில் மிளகாய் ஒரு துண்டும் போடவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு சரியாகக் கதைக்கவுமில்லை.

மறுநாள் மாமி, நான் கப்பலிலிருந்து கொண்டுவந்த அந்த மிசோவைத் தகரத்தோடு கொண்டுபோய் வளவு மண்ணுக்குள் தாட்டுவிட்டா. "புளிச்சுக் கள்ளு மணக்குது மருமகன். நம்மட வீட்டுக்குள்ள அது வேணாம்" என்றா. அதற்கும் கோபப்பட்டேன்.

ஒரு கிழமைக்குப் பிறகுதான் கவனித்தேன். அவள் எங்களுக்குப் பிறகு, தனியாகத்தான் சாப்பிட இருந்தாள். சோற்றைக் குழம்பு ஆணத்தில் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. மாமியைக் கேட்டேன்.

"போன நோன்புக்கு முன்னயிருந்து இப்பிடித்தான்" என்றா மாமி. "உங்களுக்கு எழுதுவம் எண்டு சொன்னன். மச்சான் அங்க கையும் ஏலாம நிக்கிறார், எழுத வேணாம் எண்டு சத்தியம் வாங்கிட்டா. எல்லாக் கடிதத்திலயும் சுகம் எண்டுதானே எழுதினவ."

கல்முனை ஆசுபத்திரியில் காட்டினோம். அவர்கள் கொழும்புக்கு எழுதினார்கள். அங்கேதான் அந்த டொக்டர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "புள்ள, உனக்கு என்ன தின்ன விருப்பம்?"

"என்ன எண்டாலும் சரி மச்சான்."

"இல்ல, சொல்லு."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நாலு வருசம் நீங்க என்னத்தத் திண்டீங்க எண்டு எனக்குத் தெரியாதே. அதுல மெதுவானது ஏதும் இரிந்தா ஆக்கித் தாங்களன்."

முதலில் ஆக்கியது சவான்முஷி. முட்டைச் சாப்பாடுதான், ஆனால் பொரிப்பதும் ஓட்டோடு அவிப்பதும் இல்லை. முட்டை ஒரு பங்கு என்றால் தண்ணீர் மூன்று பங்கு. அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அவர்கள் காய்ந்த சூரையைச் சீவிப் போட்டு மணம் எடுப்பார்கள். எங்கள் மாசிக் கருவாடு அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். மாசியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தேன். முட்டையை நுரை வராமல் கலக்கி, துணியில் வடித்து, கோப்பையில் ஊற்றி, மூடியின் அடியில் துணி கட்டி, மெல்லிய நெருப்பில் ஆவியில் வைக்க வேண்டும். நெருப்புக் கூடினால் ஓட்டை ஓட்டையாகிவிடும். சரியாக வந்தால் கோப்பையை அசைக்கும்போது தயிரைப்போல நடுங்கும். தொண்டையில் இறங்குவதே தெரியாது.

மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "இது உப்பு வட்டிலப்பமே" என்றா, பெருநாளைக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் வைக்கிற எங்கள் இனிப்பை நினைத்து. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து இருந்து, வடிக்கிற துணியின் மறு முனையைப் பிடித்தா.

அவள் ஒரு கோப்பை முழுவதையும் சாப்பிட்டாள். இருமவில்லை. நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு கோப்பையோடு, டொக்டருக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு மாதத்தில் கன்னம் பிடித்துவிடும், மூன்று மாதத்தில் சோறு தின்பாள் என்று மாமியிடம் சொன்னேன். மாமியும் நம்பினா. அந்த மாதம் அவள் மெலிந்துகொண்டுதான் போனாள்.

நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து தருகிறவ பாண்டிருப்பிலிருந்து வருகிற ஒரு தமிழ்ப் பெண். பனையோலைப் பெட்டியில் உமி பரப்பி, அதில் முட்டைகளை நிற்கவைத்துக் கொண்டுவருவா. நோயில் கிடக்கிற வருத்தக்கார ஆளுக்கு என்று தெரிந்ததும் அன்றைக்கு இட்ட முட்டையாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்தா. பிறகு எங்கள் முஸ்லிம் ஊருக்கும் அவவின் தமிழ் ஊருக்கும் இடையில் சண்டை மூண்டது. கடைகள் எரிந்தன. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். முட்டைக்காரி வரவில்லை.

சட்டம் தளர்த்திய ஒரு பகலில் ஊர் எல்லைவரை நடந்து போனேன். ரோட்டுக்குக் குறுக்கே டயர் எரிந்து கம்பி மட்டும் கிடந்தது. அங்கே நின்ற எங்கள் பெடியன்களே என்னை மறித்தார்கள்.

"காக்கா, எங்க போறீங்க?"

"முட்டைக்கு."

ஒருவன் சிரித்தான். மற்றவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திரும்பிப் போங்க காக்கா. அங்கால போனா வரமாட்டீங்க" என்றான்.

திரும்பி வந்தேன். அந்த முட்டைக்காரிக்கு என்ன நடந்தது என்று பிறகும் தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்கவும் பயமாக இருந்தது.

அரிசியும் முடிந்துகொண்டு வந்தது. வீட்டில் கோதுமை மா மட்டும் இருந்தது. சமையல்காரர் ஒருநாள் குடித்துவிட்டு எனக்கு ஆக்கிக் காட்டியது ஞாபகம் வந்தது. சுயித்தோன். அவர்களுடைய நாட்டில் பெரிய யுத்தம் நடந்த காலத்துச் சாப்பாடு. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுத் தளர்வாகப் பிசைந்து, கரண்டியால் அள்ளிக் கொதிக்கிற சாற்றில் போடுவது. கிடைக்கிற இலைகுழை எதையும் சேர்க்கலாம். அவர் அதை எனக்கு ஊற்றித் தந்துவிட்டுத் தான் தின்னவில்லை. சின்ன வயதில் வேறு ஒன்றும் இல்லாமல் அதையே தின்று வளர்ந்தாராம். அந்த மணம் அவருக்கு ஏலாதாம். கைப்பாசையில் இவ்வளவையும் சொன்னார். நாங்கள் அதை மாசிச் சாற்றில், முருங்கையிலை போட்டு, ஒன்பது நாள் தின்றோம். மகளும் மாமியும் நானும். என் மனைவிக்கு அந்த மா உருண்டை இறங்கவில்லை. சாற்றை மட்டும் குடித்தாள்.

பாதை திறந்தபோது அவளுக்கு நெஞ்சு எரிகிறது என்று சூடான எதுவும் பிடிக்காமல் போயிருந்தது. அதற்கும் ஒரு சாப்பாடு தெரியும் எனக்கு. ஹியாஜிரு. வெயில் காலத்தில் தோட்டத்துக்கும் கடலுக்கும் போகிறவர்கள் தின்கிற குளிர்ச் சாறு. சுட்ட மீனின் சதையை எடுத்து, வறுத்த எள்ளோடு அம்மியில் வைத்து அரைக்க வேண்டும். அரைத்ததை ஒரு சட்டியின் உள்பக்கம் முழுவதும் அப்பி, சட்டியை நெருப்பின்மேல் கவிழ்த்துப் பிடித்தால் மேல்தோல் சிவந்து மணம் வரும். பிறகு குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கரைத்து, வெள்ளரிக்காயைச் சீவிப் போட்டு, ஆறின சோற்றின்மேல் ஊற்றித் தின்பார்கள். மிசோவும் சேர்க்க வேண்டும். அது மண்ணுக்குள் போய்விட்டது. உப்பைப் போட்டேன். வெள்ளரியைத் துருவிப் பிழிந்தேன். சோற்றைக் களியாக மசித்தேன்.

நல்ல சாப்பாடு அது. யாராவது செய்து பாருங்கள். சுகமாக இருக்கிற ஓர் ஆளுக்குச் செய்து கொடுங்கள்.

அவளுக்கு அது பன்னிரண்டு நாள் இறங்கியது. பிறகு மசித்த சோறும் நின்றது. ஒச்சாசுக்கே செய்தேன். சோற்றில் தேத்தண்ணியை ஊற்றுகிற சாப்பாடு. அவர்கள் ஊற்றுவது பாலும் சீனியும் போடாத பச்சைத் தேயிலைச் சாயம். மேலே உப்பு மீனை உதிர்த்துப் போடுவார்கள். என்னிடம் இருந்தது எங்கள் கறுப்புத் தேயிலை. வெளிறிய சாயமாக ஊற்றி, மாசித் தூளைத் தூவினேன். பார்க்க வந்த அயல் வீட்டுப் பெண்கள் கோப்பையைப் பார்த்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சோத்துக்குள்ள தேத்தண்ணியோ?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். மனைவி அவளைப் பார்த்து, "ஓம், ஜப்பான்ல இப்பிடித்தான்" என்றாள், தானே அங்கே போய் வந்த மாதிரி. சாயத்தைக் குடித்தாள். சோறு கோப்பையின் அடியிலேயே கிடந்தது.

கடைசியில் குஸூயு. ஒரு கொடிக் கிழங்கின் மாவைத் தண்ணீரில் கரைத்து, நெருப்பில் துழாவினால் கண்ணாடிபோலத் தெளிந்து தடிக்கும். கொஞ்சம் சீனி. கப்பலில் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது. நான் கூவைக்கிழங்கு மாவில் செய்தேன். தேக்கரண்டியால் ஊட்டினேன். ஐந்து கரண்டி. பிறகு மூன்று.

ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து கரண்டியை நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

"மச்சான், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்கு இதுகள் ஒண்டும் விருப்பமில்ல. முட்டையும் விருப்பமில்ல, அந்தக் குளிர் ஆணமும் விருப்பமில்ல. எல்லாம் மீன் கழுவின தண்ணி மாதிரி. நீங்க இரிந்து இரிந்து ஆக்கினீங்க எண்டுதான் திண்டன்."

நான் கரண்டியைக் கோப்பைக்குள் திருப்பி வைத்தேன்.

"எனக்கு நெத்தலிக் கருவாடு பொரிச்சு வேணும். சுடு சோறு. பச்சைக் கொச்சிக்கா ஒண்டு கடிச்சுக்கிட்டு. அதான் எனக்கு விருப்பம். சின்னப் புள்ளையிலயிருந்து அதான்."

"பஸ்ஸுல கேட்டனே புள்ள."

"அப்ப கேட்டீங்க. அதைச் சொன்னா நீங்க அழுதிருப்பீங்க. எனக்கு அது இறங்காதே."

மாமி கருவாட்டைப் பொரித்தா. நான் சோறு வடித்தேன். வீடெல்லாம் பொரியல் மணம். அவளைச் சுவரில் சாய்த்து இருத்தினோம். தன் கையாலேயே சோற்றைப் பிசைந்து, கருவாட்டை வைத்து, கொச்சிக்காயை நுனியில் கடித்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் மென்றாள். சாறு முழுவதும் போகுமட்டும் மென்றாள். பிறகு துப்பினாள். நான் கோப்பையைப் பிடித்தேன். ஐந்து வாய் அப்படி மென்று துப்பினாள். உறைப்பில் மூக்கு ஒழுகியது. "போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு கஞ்சித் தண்ணிதான். அதையும் மாமிதான் பருக்கினா. எட்டாம் நாள் அசர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் மௌத்தானாள். மகள் அப்போது அயல் வீட்டில் இருந்தாள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். அவள் வந்து சேருமுன் முடிந்துவிட்டது. ஊரடங்கு மறுபடி இருந்ததால் ஜனாஸாவைப் பகலில்தான் எடுக்கலாம் என்றார்கள். அடுத்த நாள் காலையில் அடக்கினோம். பாலமுனையிலிருந்து என் உம்மாவும் என்னோடு பிறந்த ராத்தாவும் வந்து முகம் பார்க்க ஏலவில்லை.

அயலார் மூன்று நாள் சோறு கொடுத்தனுப்பினார்கள். எனக்கு நன்றாகப் பசித்தது. அதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஒவ்வொரு நேரமும் பீங்கான் தட்டு நிறையத் தின்றேன். கொஞ்சமும் தடையில்லாமல் இறங்கியது. இறங்க இறங்க என்னை நானே வெறுத்தேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, வந்தவர்கள் போன பிறகு மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"மருமகன், நான் சொல்றதப் பிழையா எடுக்காதீங்க. இது புள்ளைட வீடு. நானும் ஒரு கைம்பொண்டாட்டி. என்ட மகளும் இல்லாத வீட்டுல நீங்க இரிந்தா ஊர் கதைக்கும்."

"விளங்குது மாமி."

"புள்ளைய நான் பாப்பன். நீங்க எப்ப வந்தாலும் வரலாம்."

அவவில் பிழை இல்லை. எங்கள் வழக்கம் அது. பெண் போனால் ஆணுக்கு அந்த வீட்டில் வேர் இல்லை. மகளைக் கேட்டேன், என்னோடு பாலமுனைக்கு வாறாயா என்று. அவள் மாமியின் சீலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளை. அவள் பிறந்ததிலிருந்து நான் அவளோடு இருந்த காலத்தைக் கூட்டினால் பாதிதான் வரும். அவளை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

ராத்தா வீட்டில் போய் இருந்தேன். இடது கை வலைக்கு உதவாது. ஊர்ச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் ரொட்டி தட்டுகிற வேலை கிடைத்தது. ஜப்பான் கப்பலில் நின்றவன் என்று முதலாளி வருகிறவர்களுக்கு என்னைக் காட்டுவார். பச்சை மீன் தின்றீங்களா என்று கேட்பார்கள். ஓம் என்பேன்.

வெள்ளிக்கிழமைகளில் கல்முனைக்குடிக்குப் போவேன். பிறகு பாதை மறுபடி பூட்டியது. இடையில் உள்ள ஊர்களைத் தாண்டிப் பஸ் ஓடவில்லை. ஒரு மணித்தியாலத்தில் போகிற இடத்துக்கு மூன்று மாதம் போக ஏலவில்லை. கடிதம் எழுதினேன். சுகம் என்று பதில் வந்தது, மாமி சொல்ல மகள் எழுதியது.

பஸ் ஓடத் தொடங்கிய முதல் வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு போனேன். மகள் வளர்ந்திருந்தாள். தலையில் முக்காடு போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவரவில்லை. வாசலில் நின்று, வீட்டுக்கு வருகிற பெரிய ஆட்களுக்குச் சொல்லப் பழக்கியிருந்த மாதிரி, "வாங்க, இரிங்க" என்றாள். உள்ளே போய்க் கதிரையொன்றை இழுத்துக்கொண்டு வந்து, பாவாடை நுனியால் தூசியைத் தட்டி, எனக்குப் போட்டாள். பிறகு மாமியைக் கூப்பிட உள்ளே போனாள்.

நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.